தேன் தராத தேனீக்காகக் கை தூக்குங்கள், தோழர்களே!

வேம்பு பூத்துவிட்டது. புங்கன், இலுப்பை, புளி என்று இனி ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். ஆண்டிலேயே பூச்சிகளுக்குக் கை நிறைய வேலை இருக்கிற காலம் இது. கோடைக் கத்தரிக்கும் எள்ளுக்கும் பருத்திக்கும் மருந்து வாங்கக் கடை வாசலில் ஆள் நிற்கிற காலமும் இதுதான். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் ஒரு தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். "அடுத்த சபையில் பார்த்துக்கலாம்" என்றால் அது ஆகஸ்ட் 15. அதற்குள் பூவும் போயிருக்கும், பூவைத் தேடி வந்ததும் போயிருக்கும்.

கூலி பாக்கி கிடக்கிறது, பட்டாவுக்கு அலையவிடுகிறார்கள், குழாயில் தண்ணீர் வருவதில்லை. இதற்கு நடுவில் பூச்சிக்கு ஒரு தீர்மானமா? இந்தக் கேள்வி வெளியாட்களிடமிருந்து வராது, நம் கூட்டத்திலேயே எழும். பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்.

நெல்லுக்குத் தேனீ வேண்டாம். கம்புக்கும் சோளத்துக்கும் பூச்சி வராவிட்டாலும் கதிர் முற்றும். ஆகவே, தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனித குலமே அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அந்த வாசகத்தைத் தயவுசெய்து நம் சுவரொட்டியில் போடாதீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடையாது. விஷயமும் சரியில்லை. பயமுறுத்திக் கூட்டிய கூட்டம் பயம் தெளிந்ததும் கலைந்துவிடும்.

நடக்கப்போவது வேறு. பல்லுயிர் குறித்து அரசுகளுக்கிடையே அமைந்த உலக அறிவியல் மன்றம் 2016-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. உலகின் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது, மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன என்றது அது. விளைச்சலின் அளவில் பார்த்தால் 35 விழுக்காடு. அந்த 35-க்குள் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: பூசணி, பாகல், புடலை, பீர்க்கு, எள், சூரியகாந்தி, மா, ஏலம். அரிசி ரேஷனில் வந்துவிடும். பாகற்காய் வராது. காய்ப்பு குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் யார் வீட்டுக் குழம்பிலிருந்து காய் முதலில் காணாமல் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், ஹன்யுவான் பகுதிப் பேரிக்காய்த் தோப்புகளில் ஆட்கள் கிளையில் ஏறி, கோலில் கட்டிய இறகால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். பூச்சி சும்மா செய்துகொடுத்த வேலைக்கு அங்கே ஆள் வைத்துக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு கடைசியில் பழத்தின் விலையில்தான் வந்து விழும். ஆக, இது கூலிப் பிரச்சினைக்கு வெளியே இருக்கிற விஷயம் இல்லை.

இனி, எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்பதற்கு வருகிறேன். இதில்தான் நாமும் அரசும் வேறுபடுகிறோம்.

உலக நிலப்பரப்பில் 2.4 விழுக்காடுதான் இந்த நாடு. ஆனால் பதிவான உயிரினங்களில் 7 முதல் 8 விழுக்காடு இங்கே வாழ்கின்றன. தேனீக்களில் மட்டும் 700-க்கு மேற்பட்ட இனங்கள். தேனுக்காக நாம் தெரிந்து வைத்திருப்பவற்றைக் கை விரலில் எண்ணிவிடலாம்: பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ, புதர்க் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டும் கொம்புத்தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ, வெளியிலிருந்து கொண்டுவந்த இத்தாலியத் தேனீ. மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான இனங்கள் நமக்குத் தேன் தராதவை. பெரும்பாலும் தனித்தனியாக வாழ்பவை. ஊரில் அவற்றுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, 'வண்டு' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவோம்.

கத்தரிப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பு போலக் குவிந்து நிற்பவை மகரந்தப் பைகள். வேறு பல பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் தூளை வெளியே கொட்டிவிடும். கத்தரியில் அப்படி வெடிப்பதில்லை. மிளகுத்தூள் டப்பா மாதிரி நுனியில் சின்னத் துளை, அவ்வளவுதான். உலுக்கினால்தான் தூள் விழும். வெயில் ஏறுவதற்கு முன்னால், வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வரும். கூம்பைத் தாடையால் கவ்விப் பிடித்துத் தொங்கும். இறக்கையை அடிக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிரவிடும். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான சத்தம், ஒரு கணம் எழுந்து நிற்கும். தூள் அதன் வயிற்றில் கொட்டும். உடனே அடுத்த பூ. தக்காளிப் பூவிலும் இதே வேலைதான். மூங்கிலையும் வீட்டு உத்தரத்தையும் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்குத் தெரியாது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும் என்பது உண்மை. ஆனால் காய்ப்பையும் காய்க்குள் விதையையும் கூட்டுவது அந்த உலுக்கல்தான்.

மற்றதையும் ஒரு ஓட்டம் பார்த்துவிடுவோம். புடலைப் பூ இருட்டிய பிறகு மலரும், அதற்கு அந்துப்பூச்சி வேண்டும். மாம்பூவுக்கு, நாம் விசிறியால் விரட்டுகிற ஈ வேண்டும். முருங்கைக்குக் கருவண்டு. இலுப்பைக்குப் பழந்தின்னி வௌவால். இந்த வௌவாலை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. கேட்பார் இல்லாமல் கொல்லலாம் என்று அதற்கு அர்த்தம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள்! இலுப்பை எண்ணெயில் விளக்கெரித்த ஊர்கள் நம்முடையவை.

இத்தனை உயிர்களுக்கும் அரசு சொல்லும் ஒரே பதில், பெட்டி. 2020-ல் தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 'இனிப்புப் புரட்சி' என்று பெயர். தேனீ வளர்ப்போர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிலமில்லாத குடும்பத்துக்கு நாலு பெட்டி ஒரு பிழைப்பு. என் வாதம் வேறு: தேன் உற்பத்தி ஒரு தொழில். மகரந்தம் சுமக்கும் உயிர்களைக் காப்பது அந்தத் தொழிலின் கிளை ஆகாது. கோழிப் பண்ணை வைத்தால் காட்டுப் பறவைகள் பெருகிவிடாது என்பது நமக்குப் புரிகிறது. தேனீ என்றதும் மட்டும் குழம்பிவிடுகிறோம்.

ஒரே இனத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டத்துத் தோழர்களிடம் கேளுங்கள். 1910-களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் அடுக்குத்தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் அந்தத் தொழிலை வீடு வீடாகக் கொண்டுபோனது. ரப்பர் தோட்டமும் தேன் பெட்டியும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. 1991, 92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. புழுக்கள் கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே பைபோல உப்பிச் செத்தன. பெட்டிகளில் பெரும்பகுதி காலியானது. குடும்பங்கள் தொழிலை விட்டே போயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களைத் தேடிப் பிடித்துப் பெருக்கித்தான் தொழிலை மறுபடி நிமிர்த்தினார்கள். காட்டிலும் மரப்பொந்திலும் அந்த இனம் மிச்சம் இல்லாமல் போனால், அடுத்த நோய் வரும்போது எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, பெட்டிக்கு வெளியே இருப்பவற்றுக்கு மூன்று விஷயம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்: குடியிருக்க இடம், ஆண்டு முழுக்கப் பூ, விஷமில்லாத பகல்.

இடம் என்றால் மரப்பொந்தை மட்டும் நினைக்காதீர்கள். உலகத் தேனீ இனங்களில் பெரும்பான்மை மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. வரப்பு, கரை மேடு, பழைய மண்சுவர் ஆகியவைதான் அவற்றின் ஊர். நான் மேலே சொன்ன நீலப்பட்டைத் தேனீயும் மண்ணில்தான் முட்டையிடும். நாம் வாய்க்கால் கரைக்குச் சிமெண்ட் போடுகிறோம். வரப்பை ஒட்டி ரோட்டவேட்டர் விடுகிறோம். மண்சுவர் இடிந்த இடத்தில் ஹாலோபிளாக் எழும்புகிறது. சிமெண்ட் வீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஊர்ப் பொது இடத்தில் ஒரு மண்மேட்டைச் சும்மா விட்டுவைக்க யாருடைய பணமும் தேவையில்லை.

பூ விஷயத்தில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கு என்பது நம் பழைய முழக்கம். அந்த மரத்தின் மேல் எனக்கும் அன்பு கிடையாது. ஆனால் ராமநாதபுரம் பக்கம் வறண்ட மாதங்களில் தேனீக்குக் கிடைக்கிற பூ பல இடங்களில் அது ஒன்றுதான். நாட்டு மரங்களை முன்பே அழித்துவிட்டோம். அங்கே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஜேசிபி வைத்துத் தள்ளினால், கோடையில் தேனீ பட்டினி. முதலில் ஒரு பக்கம் வேம்பும் புங்கனும் உடையும் வெள்வேலும் ஊன்றுங்கள், அவை பூக்கத் தொடங்கிய பக்கத்தில் சீமைக்கருவேலத்தை எடுங்கள். முழக்கம் எழுதுவது போல இது சுலபமாக இருக்காது.

விஷத்துக்கு வருகிறேன். கடையில் 'இமிடா' என்று கேட்டு வாங்குகிறோமே, இமிடாகுளோபிரிட், அது ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை. தயாமீதாக்சம், குளோதியானிடின் எல்லாம் கூடப் பிறந்தவை. இலையின் மேல் தங்கிவிடும் விஷம் இல்லை இவை. செடிக்குள் நுழைந்து சாற்றோடு ஓடும். விதைக்குப் பூசி விதைத்தாலும் பின்னால் மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்து நிற்கும். சாகடிக்கும் அளவு இல்லாவிட்டாலும், பூவுக்குப் போன தேனீக்குக் கூடு திரும்பும் வழி தவறிப்போகிறது என்று ஆய்வுகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த மூன்றையும் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. நம் நாட்டில் இவை கடைத் தட்டில் முன்வரிசையில் இருக்கின்றன. பருத்தி விதையோ வண்ணம் பூசி, மருந்து தடவித்தான் பாக்கெட்டில் வருகிறது. பூசாத விதை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

டப்பாவின் மேல் ஒரு முக்கோணம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் கடும் விஷம், பச்சை என்றால் பரவாயில்லை என்று நாம் படித்து வைத்திருக்கிறோம். எதை வைத்து இந்த நிறத்தை முடிவு செய்கிறார்கள்? எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு கொடுத்தால் சாகும் என்ற கணக்கை வைத்து. தேனீக்கு எவ்வளவு என்பது அந்த நிறத்தில் இல்லவே இல்லை. நீல முக்கோணம் போட்ட டப்பா ஒரு தோட்டத்துத் தேனீ முழுவதையும் முடித்துவிடலாம், வாங்கிய விவசாயிக்கோ அது கொஞ்சம் மென்மையான மருந்து என்ற எண்ணம். 1968-ல் போட்ட பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது.

மனிதனையாவது இந்த ஏற்பாடு காப்பாற்றியதா? 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த தொழிலாளர்களும் விவசாயிகளும் இருபதுக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை, ஆளுயரச் செடிக்குள் நாள் முழுக்க வேலை. விசைத்தெளிப்பானை முதுகில் சுமப்பவரும் பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் தேனீயும் ஒரே புகைக்குள் நிற்கிறார்கள். தெளிக்கிற நேரத்தையும் முறையையும் மாற்றச் சொல்லிப் போராடும்போது இருவருக்காகவும்தான் போராடுகிறோம். பூச்சிக்கு ஒரு தீர்மானமா என்று கேட்கும் தோழருக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் கண்ணெதிரிலேயே நடப்பது. தேநீர்க் கடை ஓரத்துக் குப்பைத் தொட்டியை மத்தியான வெயிலில் எட்டிப் பாருங்கள். கசங்கிய காகிதக் கோப்பைகளின் அடியில் மிச்சச் சர்க்கரைப் பாகில் தேனீக்கள் மொய்த்துக் கிடக்கும். வெளியேற முடியாமல் ஒட்டிச் செத்தவையும் இருக்கும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்து 2011-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பூ இல்லாத ஊரில் கோப்பைதான் பூ. நம் சங்க அலுவலகக் கூட்டங்களிலாவது இனி கண்ணாடிக் கிளாஸ் இருக்கட்டும். அலம்பிவைக்க இரண்டு பேர் முறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த இருவரும் எப்போதும் பெண் தோழர்களாகவே இருக்கக் கூடாது.

மலைத்தேனீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஓரிடத்தில் நிற்காது, பூக்காலத்தைத் தொடர்ந்து இடம் மாறும். பெரிய மரம் இல்லாத ஊரில் நம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடிவயிற்றில் வந்து கட்டும். பார்த்ததும் பந்தம் கட்டிக் கொளுத்திவிடுகிறோம். பள்ளிக்கூடம், சந்தை என்று ஆள் நடமாடும் இடமானால் ஆபத்துதான், பேசி முடிவெடுங்கள். மற்ற இடங்களில் சில மாதம் பொறுத்தால் அதுவாகவே கிளம்பிவிடும். கல்லெறியாமல் இருந்தால் போதும். நீலகிரியில் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுக்கிறார்கள். எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பாறைக்கு எந்த மாதம் தேனீ வரும் என்பது அவர்களிடம் இருக்கும் அறிவு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வன விளைபொருள் என்று சொல்லி, அதன் மேல் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஏட்டில் இருக்கும் அந்த உரிமை கைக்கு வரும்வரை மலைத்தேனீக்குக் காவல் இல்லை. மலைப் பகுதித் தோழர்கள் தங்கள் தீர்மானத்தில் இந்த வரியைச் சேர்க்காமல் விடக் கூடாது.

சரி, ஊராட்சிக்கு இதில் என்ன அதிகாரம்? இருக்கிறது, தோழர்களே. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களோடு கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் என்று 2004 விதிகளே சொல்லின. பல ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. உடனே பாருங்கள், நாடு முழுக்க 2.7 லட்சத்துக்கும் மேல் குழுக்கள்! உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கக்கூடும். அதில் யார் உறுப்பினர் என்று உங்களுக்குத் தெரியுமா? உறுப்பினருக்கே தெரியுமா? 2023-ல் சட்டத்தைத் திருத்தி, மீறினால் சிறை என்பதையும் எடுத்துவிட்டு அபராதமாக்கிவிட்டார்கள். மேலே பல்லைப் பிடுங்குகிறார்கள் என்றால், கீழே குழுவை நாம் கைப்பற்றி உட்கார வேண்டியது இன்னும் அவசரமாகிறது.

கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுங்கள். மதுரை மேலூர் வட்டத்தில் அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23 அன்று ஏலம் ரத்து. கேரளத்தின் காசர்கோட்டையும் மறக்க வேண்டாம். முந்திரித் தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவை அந்த மக்கள் இன்றும் சுமக்கிறார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத் தோழர்கள் தொடுத்த வழக்கில்தான் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடுத்தது.

ஏப்ரல் முழுவதும் வேலை இருக்கிறது. முதல் வேலை எண்ணுவது. ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகரத்தில் பூச்சி ஆர்வலர்கள், பெரும்பாலும் சொந்த ஆர்வத்தில் சேர்ந்தவர்கள், காப்பிடங்களில் வலை கட்டி ஆண்டுக்கணக்காகப் பூச்சிகளை எடை போட்டு எழுதி வைத்தார்கள். 27 ஆண்டில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்கு குறைந்திருக்கிறது என்று 2017-ல் உலகத்துக்குத் தெரிந்தது அந்த நோட்டுகளால்தான். நம்மிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. ஊருக்கு ஒரு நோட்டு போடுங்கள். எந்த மரத்தில் எந்தக் கூடு, எந்த வரப்பில் வளை, எந்தச் செடி எந்த வாரம் பூத்தது. ஆடு மேய்க்கும் அம்மாக்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் காலையில் கத்தரிப் பாத்தி ஒன்றில் பத்து நிமிஷம் நின்று வந்த பூச்சியை எண்ணட்டும். அந்த நோட்டின் நகல் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

தீர்மானத்தில் என்ன எழுதுவது? நீட்டி முழக்காதீர்கள். பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் பட்டியலைச் சபையில் வாசிக்க வேண்டும், செயல்படாத குழுவைத் திருத்தி அமைக்க வேண்டும். பூத்து நிற்கும் பயிருக்கும் பகல் வேளையிலும் மருந்து அடிப்பதில்லை, தவிர்க்க முடியாதபோது பொழுது சாய்ந்த பிறகு, முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டு. தெளிக்கும் தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் நில உடைமையாளர் பொறுப்பு. புறம்போக்கு, குளத்துக்கரை, சாலையோரங்களில் களைக்கொல்லி கூடாது, தீ வைக்கக் கூடாது, செடிகள் பூத்து விதை கொட்டும்வரை ஒரு பக்கத்தையாவது செதுக்காமல் விட வேண்டும். இந்தக் கடைசி வரியில் கவனம். செதுக்கும் வேலை நம் பெண்களின் கூலி. ஒரு நாள் வேலைகூடக் குறையக் கூடாது, அதற்கு ஈடாக நாட்டு மரக்கன்று நாற்றங்கால் வேலை என்று அதே வரியில் எழுதுங்கள். மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இரண்டு கோரிக்கை போதும்: டப்பாவின் மேல் தேனீக்கு எவ்வளவு விஷம் என்பதைத் தமிழில் பெரிதாக அச்சிடு, மருந்து பூசாத விதையை வேளாண் விரிவாக்க மையத்தில் கொடு.

எதிர்ப்பு வரும். கடைக்காரரிடமிருந்து வருவதைச் சமாளிக்கலாம். "மருந்து அடிக்காம வெள்ளாமை போச்சுன்னா வட்டிக்காரனுக்கு யாரு தம்பி பதில் சொல்றது?" என்று ஒரு சிறு விவசாயி எழுந்து கேட்பார். அவரிடம் பாடம் நடத்தாதீர்கள். அவர் கேட்பது நியாயம். அவருக்கு ஆலோசனை சொல்ல இன்று கடைக்காரரைத் தவிர ஆள் இல்லை. அடிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை, பூவில் அடிக்க வேண்டாம், வெயிலில் அடிக்க வேண்டாம் என்கிறோம், இதில் உங்களுக்குக் கைக்காசு போகாது என்று சொல்லுங்கள். முடிந்தால் சபைக்கு முன்பே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அவர் வாயால் தீர்மானத்தை முன்மொழிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் சபை செல்லும். மே தினக் கொடியேற்றத்தை முடித்துவிட்டு நேரே சபைக்கு நடந்து போங்கள். ஆள் குறைவது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான், அதற்கு முன்பே உங்கள் முறை வரும்படி தலைவரிடம் பேசி வையுங்கள். கை தூக்கியாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். "அப்புறமா எழுதிக்கிறேன் தோழர்" என்று செயலர் சொல்வார். தீர்மானம் முழு வாசகத்தோடு பதிவேட்டில் ஏறி, கீழே கையெழுத்து விழுந்து, எண்ணோடு நகல் உங்கள் கைக்கு வரும்வரை ஒருவரும் இடத்தை விட்டு எழ வேண்டாம்.